மீண்டும் கிண்டத் தேவையில்லாத பாதை: ஏ9 வீதியோரம் நிலத்தடியில் ஓடும் ஒளி

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வருகிறவர்கள், வீதியோரப் புல்லுக்குள் இடைக்கிடை நிற்கும் குட்டையான கொங்கிறீட் கட்டைகளைக் கண்டிருப்பீர்கள். அவை கிலோமீற்றர் கட்டைகள் அல்ல. கீழே தொலைத்தொடர்பு வடம் போகிறது, இங்கே கிண்டாதீர்கள் என்று சொல்லும் அடையாளங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று நாங்கள் இடம்பெயர்ந்து போன, பிறகு திரும்பி வந்த அதே வழியால்தான் அந்த வடமும் போகிறது. அதற்குள் தகவலைக் கொண்டுபோவது செம்பு அல்ல, கண்ணாடி. தலைமயிரைவிடச் சற்றுத் தடிப்பான கண்ணாடி நார்கள்.

நான் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒளிமுறிவுப் பாடத்தில் முழு அகத்தெறிப்பைச் சொல்லி, அதற்கு உதாரணமாக ஒளிநாரைச் சொல்லும்போது, அநேகமாக ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்கும்: "சேர், ஒரு நாருக்குள்ளாலை ஒரு வெளிச்சம்தானே போகுது. அப்ப எல்லாரும் ஒரே நேரத்தில எப்பிடிக் கதைக்கிறது?" பாடம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. பதில் நாரில் இல்லை. நாரின் இரண்டு அந்தத்திலும் உள்ள பெட்டிகளில், அவற்றுக்குள் இருக்கும் லேசர்களில் இருக்கிறது. அந்தப் பதில் வன்னிக்கு மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2006 ஆம் ஆண்டில் தூத்துக்குடியையும் கல்கிசையையும் கடலடி ஒளிநார் வடம் ஒன்று இணைத்தது. பாரத் லங்கா என்று அதற்குப் பெயர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டது. தெற்கில் ஒளி கடலைக் கடந்து வந்துகொண்டிருந்தபோது, வன்னியிலிருந்து ஒரு கடிதம் வெளியே போகச் செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்தித்தாள் தேவைப்பட்டது. 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாமில், முள்ளுக்கம்பிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று சத்தம்போட்டுக் கதைத்த எங்கள் சனத்துக்குத் தொலைத்தொடர்பு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. நிலத்தடி ஒளிநார் எங்களிடம் வந்தது போர் முடிந்த பிறகுதான்.

வந்ததும் சும்மா வரவில்லை. எங்கள் மண்ணில் கிண்டுவது வேறிடத்தில் கிண்டுவது போன்றதல்ல. மிதிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் மண்வெட்டி வைக்கலாம். முகமாலைப் பக்கம் அந்த வேலை எத்தனை வருடமாக நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 2023 ஜூன் மாதம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத்தான் கிண்டினார்கள். வெளிவந்தது மனிதப் புதைகுழி. இப்படிப்பட்ட நிலத்தில், ஒருதரம் பதித்த வடத்தைத் திரும்பக் கிண்டாமலே அதன் கொள்ளளவைப் பத்து மடங்கு, நூறு மடங்கு கூட்ட முடியும் என்றால் அது சின்ன விடயமல்ல. குறைகடத்தி லேசர் வரிசைகள் செய்வது அதைத்தான்.

முதலில் லேசர் என்ற பொருளைப் பார்ப்போம். ஒரு அரிசிமணியை எடுத்து, அதன் நீளத்தை இருபதாகப் பிரியுங்கள். அதில் ஒரு துண்டின் நீளம்தான், ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர், தொலைத்தொடர்பு லேசர் ஒன்றின் நீளம். இந்தியம் பொசுபைட்டு என்ற பளிங்கில் செய்யப்படுவது. அதற்குள் மாணவர்கள் படிக்கும் அதே பி-என் சந்திதான் இருக்கிறது. மின்னோட்டம் கொடுத்தால் இலத்திரன்கள் சந்தியில் துளைகளோடு சேரும். மிஞ்சும் சக்தி ஒளியாக வெளிவரும். இவ்வளவையும் வீட்டில் எரியும் எல்ஈடி மின்குமிழும் செய்கிறது. லேசரில் நடப்பது அதற்கு மேலே ஒரு படி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு போட்டோன், விழத் தயாராக நிற்கும் இன்னொரு இலத்திரனைத் தட்டிவிட, அது தன்னைப் போலவே இன்னொரு போட்டோனைத் தருகிறது. அதே நிறம், அதே திசை, அதே அவத்தை. சந்தைக்குள் ஆளாளுக்கு இரைவது எல்ஈடி என்றால், கோயிலில் எல்லோரும் ஒரே தாளத்தில் அரோகரா சொல்வது லேசர்.

1962 இல் அமெரிக்காவில் ரொபேட் ஹோல் முதலாவது குறைகடத்தி லேசரைச் செய்தார். அதைத் திரவ நைதரசனில் குளிரவைத்தால்தான், அதுவும் விட்டுவிட்டுத்தான், எரிந்தது. 1966 இல் சார்ள்ஸ் காவோ, கண்ணாடியைப் போதியளவு சுத்தமாக்கினால் அதனூடு தொலைபேசிப் பேச்சை அனுப்பலாம் என்று எழுதினார். இரண்டும் கூடிவந்த வருடம் 1970. கோர்னிங் நிறுவனம் அப்படியொரு நாரை இழுத்துக் காட்டியது. லெனின்கிராட்டில் அல்பெரோவின் குழுவும், பெல் ஆய்வுகூடத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரும் அறை வெப்பநிலையில் தொடர்ந்து எரியும் லேசரைச் செய்தார்கள். காவோவுக்கும் அல்பெரோவுக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய நாரில் 1550 நனோமீற்றர் அலைநீள ஒளி கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 0.2 டெசிபெல் மட்டுமே இழக்கிறது. கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளி அது. வவுனியாவில் விட்ட ஒளி சுமார் 75 கிலோமீற்றர் ஓடிக் கிளிநொச்சிக்கு வரும்போது 32 இல் ஒரு பங்கு மிஞ்சும். நாரின் இழப்பை மட்டும் சேர்த்த கணக்கு இது; ஒட்டுகளில் இன்னும் கொஞ்சம் போகும். எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

செய்தி போவது மினுங்கல்களாக. ஒளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. செக்கனுக்கு 10 ஜிகாபிற் அனுப்பும்போது ஒவ்வொரு துடிப்பும் நாருக்குள் 2 சென்ரிமீற்றர் நீளம். அப்படியென்றால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் எந்தக் கணத்திலும் முப்பத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட துடிப்புகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். இன்னும் வேகமாக மினுக்கினால் என்ன என்று கேட்கலாம். ஓரளவுக்கு முடியும். ஆனால் துடிப்பைக் குறுக்கக் குறுக்க, ஓடும் தூரத்தில் அது அகன்று பக்கத்துத் துடிப்போடு கலந்துவிடும். அதை ஈடுசெய்யும் இலத்திரனியலும் விலை கூடும். ஒரு மாட்டை அடித்து விரட்டுவதைவிட இன்னொரு மாட்டைப் பூட்டுவது நல்லது.

அந்த இன்னொரு மாடுதான் இன்னொரு நிறம். ஒரு நாருக்குள் வேறு வேறு அலைநீளங்கள் ஒன்றையொன்று அநேகமாகத் தொந்தரவு செய்யாமல் ஓடும். அந்தத்தில் அரியம் போன்ற ஒரு சாதனத்தால் அவற்றைத் திரும்பப் பிரிக்கலாம். மழைத்துளி வெயிலைப் பிரித்து வானவில் காட்டுவது போல. பக்கத்துப் பக்கத்து நிறங்களுக்கிடையில் 0.8 நனோமீற்றர் இடைவெளி இருந்தாலே போதும். அதைப் பாதியாக்கினால் 80 நிறங்கள் அளவில் ஒரே நாரில் ஏற்றலாம். நிறத்துக்கு 100 ஜிகாபிற் என்றால் மொத்தம் 8,000 ஜிகாபிற். வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்க ஒரு மெகாபிற் அளவு போதும் என்று வைத்தால், ஒரே நேரத்தில் எண்பது இலட்சம் அழைப்புகள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து நாலு இலட்சம் பேர்கூட இல்லை. வடத்தில் இப்படியான நார்கள் பல இருக்கின்றன. இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு லேசருக்கு அதன் நிறத்தை யார் சொல்லிக்கொடுக்கிறது? லேசரின் முதுகில், ஒளி ஓடும் பாதைக்குப் பக்கத்தில், மிக நுண்ணிய வரம்புகள் செதுக்கப்படுகின்றன. வயல் வரம்பு போலவே, சம இடைவெளியில். 1550 நனோமீற்றர் லேசருக்கு ஒரு வரம்புக்கும் அடுத்த வரம்புக்கும் இடையில் ஏறக்குறைய 240 நனோமீற்றர். 0.3 மில்லிமீற்றருக்குள் இப்படி ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட வரம்புகள். ஒவ்வொரு வரம்பிலும் கொஞ்ச ஒளி திரும்பி வரும். வரம்பின் இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் அலைநீளம் மட்டும் ஒன்றுசேர்ந்து வலுக்கும். மற்றவை ஒன்றையொன்று அழித்துவிடும்.

இப்போது பக்கத்து நிறத்துக்கு ஒரு லேசர் வேண்டும், 0.8 நனோமீற்றர் தள்ளி. அதற்கு வரம்பின் இடைவெளியை எவ்வளவு மாற்றவேண்டும்? எட்டில் ஒரு நனோமீற்றர். ஒரு அணுவின் பருமனே அதைவிடப் பெரிது. அணுவைப் பாதியாக வெட்டி வரம்பு கட்ட முடியாது. ஆனால் இலத்திரன் கற்றையால் எழுதும்போது, ஆயிரத்துச் சொச்ச வரம்புகளின் சராசரி இடைவெளி சரியாக வந்தால் போதும். சில வரம்புகள் துளி அகன்றும் சில துளி நெருங்கியும் இருக்கலாம். ஒளி ஒவ்வொரு வரம்பாக எண்ணிப் பார்ப்பதில்லை, மொத்தத்தைத்தான் பார்க்கும்.

இப்படி வெவ்வேறு வரம்பு இடைவெளி கொண்ட லேசர்களை ஒரே பளிங்குத் துண்டில் பக்கம் பக்கமாகச் செய்தால் அதுதான் லேசர் வரிசை. தனித்தனியாகச் செய்யாமல் ஏன் இப்படி? மிகப் பெரிய காரணம், லேசரின் செலவில் பெரும்பகுதி பளிங்கில் இல்லை, பெட்டியில் அடைப்பதில் இருக்கிறது. லேசரின் வாயையும் நாரின் நடுப்பகுதியையும் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைந்த பிழையோடு பொருத்தி ஒட்டவேண்டும். பத்து லேசருக்குப் பத்துப் பொருத்து. வரிசையில், பத்தின் ஒளியையும் அதே பளிங்கிலேயே ஒன்றாகச் சேர்த்து ஒரு வாயால் விட்டால் ஒரு பொருத்து போதும். 2005 இல் இன்பினெரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதில் ஒரு மைல்கல். ராதாகிருஷ்ணன் நாகராஜன் என்பவரின் பெயர் அதில் முதலாவதாக இருக்கிறது. ஒவ்வொன்றும் 10 ஜிகாபிற் அனுப்பும் பத்து லேசர்களும், அவற்றை மினுக்கும், அளக்கும், ஒன்றுசேர்க்கும் உறுப்புகளுமாக ஐம்பதளவு பாகங்கள் ஒரே பளிங்கில்.

இரண்டாவது காரணம் எங்கள் வெயிலுக்கு ஏற்றது. லேசர் சூடானால் அதன் நிறம் நகரும், பாகை ஒன்றுக்கு ஏறக்குறைய 0.1 நனோமீற்றர். 8 பாகை ஏறினால் பக்கத்து நிறத்தின் பாதையில் ஏறிவிடும். மாங்குளத்தில் சித்திரை மாத மத்தியானம் குளிரூட்டி நின்ற ஒரு அறையை நினைத்துப் பாருங்கள். அதனால் லேசருக்குக் கீழே மின்னால் குளிரும் சிறு தகடு ஒன்று வைத்து வெப்பநிலையை அசையாமல் பிடிக்கிறார்கள். ஒரே பளிங்கில் உள்ள லேசர்கள் சேர்ந்து சூடாகும், சேர்ந்து ஆறும். ஒரு தகடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தை மறந்திருக்கமாட்டீர்கள். டீசல் இல்லாமல் கோபுரங்கள் அணைந்தன. குறைந்த மின்சாரத்தில் நிற்கும் பெட்டி எங்களுக்கு ஆடம்பரம் அல்ல.

குறை இல்லாமலும் இல்லை. ஒரு லேசர் நன்றாக அமைவதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு என்றால், பத்தும் நன்றாக அமைய வாய்ப்பு நூற்றுக்கு 60 தான். ஒன்று பிழைத்தால் மற்ற ஒன்பதும் குப்பைக்குப் போகலாம். நிறங்களைச் சாதாரண முறையில் ஒன்றுசேர்த்தால் ஒளியும் வீணாகும். நாலு லேசரைச் சேர்த்தால் ஒவ்வொன்றிலும் காற்பங்குதான் வெளியே வரும். நிறம் பார்த்துச் சேர்க்கும் உறுப்பு வைத்தால் இந்த இழப்பு குறையும், ஆனால் செய்வது கடினம். இதனால்தான் வரிசைகள் எல்லா இடத்திலும் ஒரேயடியாக வந்துவிடவில்லை.

வரிசைக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 12 லேசர்களை ஒரு துண்டில் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எரியவிடுவது. ஒவ்வொன்றையும் 30 பாகை வரை சூடாக்கியும் ஆற்றியும் 3 நனோமீற்றர் நகர்த்தலாம். 12 ஐயும் சேர்த்தால் தொலைத்தொடர்பு பயன்படுத்தும் பட்டை முழுவதும் வந்துவிடும். இதனால் என்ன லாபம்? முன்பு 40 நிறத்துக்கு 40 வகை உதிரி அட்டை களஞ்சியத்தில் இருக்கவேண்டும். இப்போது ஒரே வகை அட்டை எந்த நிறத்துக்கும் போடலாம். டொலர் இல்லாமல் இறக்குமதி நின்ற நாடு எங்களுடையது. இதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

கொழும்பு வரை நெடுந்தூரம் போக லேசர் மட்டும் போதாது. 80, 100 கிலோமீற்றருக்கு ஒரு இடத்தில் ஒளியை ஒளியாகவே பெருக்கவேண்டும். எர்பியம் கலந்த நாரில் அது நடக்கிறது. 1987 இல் சவுத்ஹாம்ப்டனில் டேவிட் பெய்னின் குழு செய்து காட்டியது. அந்தப் பட்டைக்குள் வரும் எல்லா நிறத்தையும் அது ஒன்றாகப் பெருக்கும். நிறம் கூட்டினாலும் வழியில் புதிய கட்டடம் தேவையில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது அந்த எண்பது இலட்சம் அழைப்புக் கணக்குக்கு வருவோம். ஏ9 ஓரத்து நாருக்குள் இவ்வளவு இடம் சாத்தியம் என்றால், உள்ளூரில் இருக்கும் அப்பம்மா கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளையோடு கதைக்கும்போது ஏன் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது? கொரோனா காலத்தில் என் மாணவர்கள் சிலர் ஏன் குளக்கட்டில் ஏறி நின்று பாடம் கேட்டார்கள்?

அங்கே தட்டுப்பாடு நாரில் இல்லை, கோபுரத்தில். 4ஜி கோபுரத்தின் ஒரு பக்கம் வழக்கமான 20 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் கூடியது 150 மெகாபிற் அளவு தரும். அதை அந்தப் பக்கத்தில் உள்ள எல்லோரும் பங்குபோடவேண்டும். இருநூறு பேர் ஒன்றாகப் பார்த்தால் ஆளுக்கு ஒரு மெகாபிற்கூட இல்லை. அந்தக் கோபுரத்துக்கே நார் வராமல், இன்னொரு கோபுரத்திலிருந்து நுண்ணலையால் இணைப்பு வருமானால் அங்கேயும் ஒரு ஒடுக்கம். ஆறு வழிப் பெருந்தெருவிலிருந்து இறங்கி ஒற்றையடிப் பாதையால் வீட்டுக்குப் போவது போன்றது. நகரத்தில் "அதிவேக இணையம் வந்துவிட்டது" என்று பதாகை கட்டும்போது அது எந்தப் பகுதியைப் பற்றிச் சொல்கிறது என்று கேட்பது எங்கள் உரிமை.

இந்தக் கடைசிப் பகுதிக்கும் ஒளி வழி இருக்கிறது. நிலையத்திலிருந்து ஒரு நார் புறப்படும். வழியில் மின்சாரம் தேவையில்லாத ஒரு சிறு பெட்டி அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கும். 20 கிலோமீற்றர் வரை போகலாம். பரந்தனில் நிலையம் என்றால் தருமபுரத்தைத் தாண்டிவிடும். கீழே வரும் ஒளி 1490 நனோமீற்றர், வீட்டிலிருந்து மேலே போவது 1310. ஒரே நாரில் எதிரெதிராக இரண்டு நிறம். எல்லா வீட்டுக்கும் சேர்த்து வருவது 2.5 ஜிகாபிற் அளவு. நாளைக்கு அது போதாவிட்டால், நிலையத்தில் நாலு நிற லேசர்களை வைத்து 40 ஜிகாபிற்றாக்கும் நியமமும் உண்டு. அப்போதும் வழியில் யாரும் கிண்டத் தேவையில்லை. ஆனால் முதல்தரம் கிண்டத்தான் வேண்டும், அல்லது மின்கம்பத்தில் கட்டிக்கொண்டு போகவேண்டும். அதை எந்த லேசரும் செய்து தராது. மிதிவெடி அகற்றிய நிலத்தில் வீதியோ குடிநீரோ போடும்போது, அதே குழிக்குள் வெறும் குழாய் ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டால் நாரைப் பிறகு ஊதி இழுத்துக்கொள்ளலாம். ஒரு குழிக்கு இரண்டு தரம் ஏன் ஆபத்தை விலைக்கு வாங்கவேண்டும்?

பிள்ளைகளுக்காக ஒன்று. வீதியோரத்தில் அறுந்து கிடக்கும் நாரை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெருக்கிய ஒளி என்றால் கண்ணைக் கெடுக்கும். உடைந்த நார்த் துண்டு கண்ணாடி முள். தோலில் ஏறினால் தேடி எடுப்பது கஷ்டம். தெரியாத பொருளைத் தொடாதே என்று வெடிபொருட்களுக்காக நாங்கள் படிப்பித்த பாடம் இதற்கும் பொருந்தும்.

அறுவது என்றதும் பெக்கோ இயந்திரம் நினைவுக்கு வருகிறது. லேசர் வரிசை கூடக் கூட இந்த ஆபத்தும் கூடுகிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரே நாரில் எவ்வளவு அதிகம் ஏற்றுகிறோமோ, பெக்கோவின் ஒரு கொத்தில் அவ்வளவும் போகும். இதற்கு மருந்து வளையம். ஏ9 ஒரு கை என்றால், 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு மன்னார், பூநகரி ஊடாக மேற்கால் இன்னொரு கை நீட்ட வழி இருக்கிறது. ஒரு பக்கம் அறுந்தால் ஒளி மற்றப் பக்கத்தால் சுற்றி வரும். கதைத்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியக்கூட மாட்டாது. முல்லைத்தீவுக்கும் மாங்குளம், ஒட்டுசுட்டான் பாதை ஒன்று, பரந்தன், புதுக்குடியிருப்புப் பாதை ஒன்று என இரண்டு கை உண்டு.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் "எங்கட ஊருக்குக் கவரேஜ் இல்லை" என்று முறையிடுகிறோம். சரிதான். அதோடு இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: எங்கள் கோபுரத்துக்கு நார் வந்துவிட்டதா, அது ஒரு பக்கத்தாலா இரண்டு பக்கத்தாலா வருகிறது? நார் வந்துவிட்ட இடத்தில் மிச்சம் பெட்டிக்குள் நடக்கும் வேலை. ஒரு அட்டையைக் கழற்றி இன்னொன்றைப் பூட்ட ஒரு தொழில்நுட்பவியலாளருக்கு அரை நாள் போதும்.